கையெழுத்துப் போட்ட முத்துலட்சுமி

மாரீஸ்வரி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா மகளுக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். நீ இதைப் படிக்கும்போது நான் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். வாயைத் திறந்தால் ஒன்று அழுகை வருகிறது, இல்லாவிட்டால் உன்னைத் திட்டுவதில் போய் முடிகிறது. என் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிதானம் வருகிறது. புதன்கிழமை தோறும் சாத்தூர் கோர்ட்டு வளாகத்துச் சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டேன். அதனால் நடுவில் எங்காவது 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று வந்துவிட்டால் சிரிக்காதே.

வருகிற திங்கட்கிழமை நீ அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேருகிறாய். வருகைப் பதிவேடு எழுதுகிற வேலை. நம் வீட்டில் அந்த மேசைக்கு முன்னால் நின்றவர்கள் நிறையப் பேர் உண்டு. அதற்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரப் போகிற முதல் ஆள் நீதான். எனக்கு எம்புட்டுப் பெருமை என்று தெருவில் கேட்டுப் பார், சொல்வார்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மா வந்துவிட்டுப் போனதும் நீ ஒரு வார்த்தை சொன்னாய். "பெரியம்மாவுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் ஒத்து வராதும்மா. அவுகளுக்கு வேலைக்குப் போக உடம்பு வணங்காது" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக நான் உனக்குச் சொல்லவில்லை, அதுதான் காரணம். வெட்கம்.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனார், அம்மா பட்டாசு வேலைக்குப் போனாள், விபத்தில் வலது கை வெந்தது, வக்கீலம்மா காசு வாங்காமல் கேஸ் நடத்தி ஜெயித்துக் கொடுத்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் யார் பேரில் வேலைக்குப் போனேன் என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா போனபோது உனக்கு எட்டு வயது. சீசன் முடிந்திருந்தது, எந்தக் கம்பெனியிலும் புது ஆள் எடுக்கவில்லை. அப்போது அக்காவின், அதாவது உன் பெரியம்மாவின், வயிற்றில் கார்த்தி இருந்தான். பட்டாசு மருந்து நெடி ஆகவில்லை, கம்பெனி வேலையிலிருந்து நிற்பதாக இருந்தாள். நம் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளேகூட வராமல் சொன்னாள்: "ஏட்டி, நாளைக்கு என் இடத்துக்கு நீ போ. பேரு முத்துலட்சுமின்னு சொல்லு. கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். நான் திரும்பிப் போறப்ப இடத்த விட்டுக் குடு, போதும்."

இதில் அப்போது எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நம் பக்கத்தில் அது சகஜம். அக்கா பேரில் தங்கச்சி, மதினி பேரில் நாத்தனார், மகள் பேரில் தாய் என்று வேலைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பேரை விட்டால் சர்வீஸ் போய்விடும், போனஸ் போய்விடும், பேர் அங்கேயே இருக்கட்டும், ஆள் மாறிக்கொள்ளலாம் என்று நினைப்போம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. கணக்கப்பிள்ளையும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேரு எதுவா இருந்தா என்ன, கை ஓடுனாச் சரி" என்றார். அன்றைக்கே நான் முத்துலட்சுமி ஆகிவிட்டேன். முதல் ஒரு வாரம் போர்மேன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துபோவேன். பக்கத்தில் இருக்கிறவள் இடுப்பில் இடிப்பாள்.

விபத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அடுத்த வெயில் காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிற நேரம். பக்கத்து அறையில் பிடித்த தீ. நான் கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஓடினேன். முகம் தப்பித்தது, கை தப்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் என்னை முத்துலட்சுமி என்றே எழுதியிருந்தார்கள். மருந்து கட்ட நர்ஸ் "முத்துலட்சுமி, முத்துலட்சுமி" என்று கூப்பிடுகிறார், காய்ச்சல் மயக்கத்தில் அது வேறு யாரையோ என்று நான் பாட்டுக்குக் கிடக்கிறேன். ஆள் இல்லை என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பேர் மாறினால் என்ன ஆகும் என்பது எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான்.

வீட்டுக்கு வந்த பிறகு கணக்கப்பிள்ளை வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். நஷ்டஈடு பற்றிக் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை, அக்கறையாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா. எங்க ரெஜிஸ்டர்ல இருக்கிறது முத்துலட்சுமி. அந்த முத்துலட்சுமி ரெண்டு கையும் நல்லபடியா, புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நடமாடுதா. காயம் பட்டவ சண்முகத்தாய். சண்முகத்தாயின்னு எங்ககிட்ட யாருமே வேலை பாக்கலையே? வாயத் திறந்தா ஆள்மாறாட்டக் கேஸு, அக்காளும் தங்கச்சியும் உள்ள போவீக. பேசாம இருந்தீகன்னா அக்கா வேலையாவது மிஞ்சும்" என்றார். அவர் போன பிறகு நான் அந்தப் பழத்தைத் தொடவில்லை. நீ நான்கு தின்றாய். குழந்தைதானே, பசி.

கோர்ட்டு வளாகத்தில் ஓர் அறை இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள் என்று சொன்னது அதே நர்ஸ்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. இலவசமாகக் கிடைக்கிற வக்கீல் ரேஷன் அரிசி மாதிரி கல்லும் குருணையுமாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். வேறு வழி இல்லாததால் போனேன். உன்னைத் தனியாக விட்டுப் போக ஆள் இல்லை, அதனால் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்: யார் கேட்டாலும் அம்மா பேர் முத்துலட்சுமி. மூன்று தடவை சொல்லச் சொன்னேன். நீயும் சொன்னாய். என் யோசனை என்ன தெரியுமா? நானே முத்துலட்சுமி என்று அங்கேயும் சொல்லிவிட்டால், பதிவேட்டில் உள்ளவளும் காயம் பட்டவளும் ஒருத்தியாகிவிடுவாள், கேஸ் நேராகிவிடும் என்று. எட்டாம் வகுப்பு படித்த மூளை அவ்வளவுதான் ஓடியது.

உள்ளே வக்கீல் எஸ்தர் இருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "பொம்பளைகளுக்கு வருமானச் சான்றெல்லாம் தேவையில்லம்மா, எல்லாருக்குமே இலவசந்தான். உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வெந்த கையோடு நான் ஏறி இறங்கிய இடங்களில் அதுவரை யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. பேரைக் கேட்டார், முத்துலட்சுமி என்றேன். எழுதிக்கொண்டே உன் பக்கம் திரும்பி, "பாப்பா, உனக்கு அம்மா பேரு எழுதத் தெரியுமா?" என்றார். நீ சந்தோஷமாக, "தெரியும் மிஸ். சண்முகத்தாய்" என்றாய். பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியவளுக்கு அதுதானே வரும். நான் இடது கையால் உன் கன்னத்தில் அறைந்தேன்.

அந்த அறைக்குக் காரணம் என்ன என்று நீ இதுவரை என்னிடம் கேட்டதில்லை. மறந்திருப்பாய் என்று நானும் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் உண்மை சொன்னதற்காகப் பெற்ற பிள்ளையை அடித்தவள் நான். இதை எழுதாமல் உன்னை வேலைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மன்னித்துக்கொள், கண்ணு. அன்றைக்கு வக்கீலம்மா எழுந்து வந்து உன்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைய அடிக்காதீங்க. இந்த ரூமுக்குள்ள இதுவரைக்கும் உண்மை பேசுனது அது ஒண்ணுதான்" என்றார்.

நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "பேரு மாத்தினது தப்புத்தான். ஆனா தெரிஞ்சே எழுதிக்கிட்டது கம்பெனி. வேலை பார்த்தது யாரோட கைன்னு நிரூபிச்சா உங்களுக்கு நியாயம் கிடைக்கும்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "சம்பள நோட்டுல நீங்க வச்சது கையெழுத்தா, கைநாட்டா?" எனக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அக்கா பள்ளிக்கூடமே போகாதவள், கைநாட்டுத்தான். அவள் பேரில் போன நானும் கைநாட்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் எழுத்துத் தெரிந்தவள் கட்டை விரலை மையில் முக்குவதா என்று எனக்கு ஒரு வீறாப்பு. முதல் மாதமே பேனாவை வாங்கி, முத்துலட்சுமி என்று வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாசா மாசம் போட்டேன். வக்கீலம்மா சிரித்தே விட்டார். "உங்க வீம்புதான் உங்களக் காப்பாத்தப் போகுது. ஆனா உங்க வலது கையால இப்ப எழுதிக் காட்ட முடியாது. உங்க அக்கா வந்து, எனக்குக் கையெழுத்து வராதுன்னு சொல்லணும். அவங்க வரலைன்னா கஷ்டம்" என்றார்.

அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெரியப்பா அவளுக்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். "என்னைய உள்ள தள்ளிட்டா இந்தப் பச்சப்பிள்ளைய யாருடி பாப்பாக? எனக்கு அந்த வேலையும் போயிட்டா வேற எங்கன போவேன்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது கண் தெரியவில்லை. குனிந்து இடது கையால் தெருமண்ணை அள்ளி, "நீ நல்லா இருப்பியா, நாசமாப் போவ" என்று அவள் வாசலில் தூற்றினேன். தன் பேரையும் இடத்தையும் எனக்குத் தூக்கிக் கொடுத்தவள்மேல் மண்ணை வாரித் தூற்றினேன், மாரீஸ்வரி. தெருவே பார்த்தது.

விசாரணை மதுரையில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் நடந்தது. நானும் வக்கீலம்மாவும் காலையிலேயே போய்விட்டோம். கூட வேலை பார்த்த இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. கம்பெனி வக்கீல் எழுந்து, இந்தப் பெண்ணை எங்களுக்கு யாரென்றே தெரியாது என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது வாசலில் நின்ற ஆள் உள்ளே வந்து, முத்துலட்சுமி என்று ஓர் அம்மா வந்து நிற்கிறார் என்றார்.

சாத்தூரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி, கைப்பிள்ளையோடு, நான்கு இடத்தில் வழி கேட்டு வந்திருக்கிறாள். அதற்கு முன்னால் அவள் மதுரையைப் பார்த்தது மீனாட்சி கோயிலுக்குப் போனபோது மட்டும்தான். கார்த்தியை என் மடியில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அதிகாரி முன்னால் போய் நின்றாள். "அய்யா, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. அந்த நோட்டுல நான் இருந்த வரைக்கும் கைநாட்டுத்தான் இருக்கும். அதுக்குப் பொறவு கையெழுத்து இருந்தா அது என் தங்கச்சி போட்டது. வேலை பார்த்தது அவ. வெந்ததும் அவ கைதான்யா" என்றாள். கம்பெனி வக்கீல், அக்காளும் தங்கையும் கூட்டுச் சேர்ந்து கம்பெனியை ஏமாற்றியதாகச் சொல்கிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று மிரட்டினார். அக்கா அசரவில்லை. "ஏமாத்தணும்னா அவளும் கைநாட்டே வச்சிருப்பாளேய்யா? நோட்டு மாசா மாசம் கணக்கப்பிள்ளை கையிலதான இருந்துச்சு? கைநாட்டு எழுத்தா மாறுனது அவுக கண்ணுக்குத் தெரியலையா?"

அதிகாரி பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். வக்கீலம்மா மனுப் போட்டு வரவழைத்த பதிவேடு அது. ஒரு மாதம் வரை நீலக் கைநாட்டு, அடுத்த மாதத்திலிருந்து என் வளைந்த கையெழுத்து. அவர் அக்காவை ஒரு தாளில் விரலை வைக்கச் சொன்னார், வைத்தாள். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "சண்முகத்தாய் நீங்கதானா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். திருமங்கலம் தாண்டியதும் அவளே, "ஏட்டி, அன்னைக்கு நீ தூத்துன மண்ணுல பாதி என் கொளம்புச் சட்டியில விளுந்துட்டு. அம்புட்டையும் கீள கொட்டுனேன்" என்றாள். நான் சிரித்தேன், அழுதேன், கார்த்தி பயந்துபோய்க் கத்தினான், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு கார்த்திக்கு இருக்கன்குடியில் மொட்டை போட்டுக் காது குத்தியபோது அவரே வந்து என்னை அழைத்தார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஆள்மாறாட்டம் என்று எங்கள் இருவர் மேலும் எந்தக் கேஸும் வரவில்லை. அது வெறும் பூச்சாண்டி. கிடைத்த நஷ்டஈட்டில்தான் உன் படிப்பு, உன் கம்ப்யூட்டர் வகுப்பு, எல்லாம். ஆனால் அந்தக் கம்பெனி அக்காவின் பேரை அடித்துவிட்டது. ஒரு கம்பெனியில் சாட்சி சொன்னவள் என்று தெரிந்ததும் சுற்று வட்டாரத்தில் வேறு எங்கும் அவளை எடுக்கவில்லை. வெயிலில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போனாள், பருத்தி எடுக்கப் போனாள். மழைக்காலத்தில் வீட்டில் இருந்தாள். அவள் சும்மா இருந்த நாட்களை மட்டும் நீ பார்த்திருக்கிறாய். நான் இடது கையால் எழுதப் பழகி, வக்கீலம்மா சொல்லி அந்த மையத்தில் மனு எழுத உட்கார்ந்தேன். நீ அந்த நாற்காலிக்குப் போகிறாய். நாம் இரண்டு பேரும் ஏறி வந்தது அவள் தோளில் மிதித்துத்தான்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். மோசமானவர்கள் பொய்ப் பேர் எழுதச் சொல்வார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே. அவர்களைச் சமாளிப்பது சுலபம். உன் மேசைக்கு என்னை மாதிரி ஒருத்தி வருவாள். புருஷன் செத்தவளாக இருப்பாள், அழுவாள், "தாயி, என் மதினி பேருல நான் வாரேன், கொஞ்சம் கண்டுக்கிடாத" என்பாள். உனக்குப் பாவமாக இருக்கும். அப்போதுதான் நீ கல் மனசாக இருக்க வேண்டும். மதினி பேரில் எழுதாதே. அவளை அவள் பேரிலேயே சேர்க்கச் சொல்லிப் போர்மேனிடம் சண்டை போடு. சண்டை போட உனக்குச் சொல்லித் தர வேண்டுமா, என் வயிற்றில்தானே பிறந்தாய். உனக்கே நெருக்கடி வந்தால், மாற்றி எழுது, இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினால், தனியாகக் கிடந்து அழாதே. புதன்கிழமை சாத்தூருக்கு வா. ஆபீஸ் வேலை பார்க்கிறவளுக்கெல்லாம் இலவச வக்கீலா என்று கூச்சப்படாதே. பெண்ணாகப் பிறந்த யாருக்கும் உண்டு. போன வாரம் ஓர் ஓய்வு பெற்ற டீச்சர் வந்து வரிசையில் நின்றார்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. உன் கம்பெனியில் திங்கட்கிழமை புது ஆள் எடுக்கிறார்கள் அல்லவா, அன்றைக்குப் பெரியம்மாவும் வருகிறாள். வேறு கம்பெனியில் நடந்த பழைய கதையெல்லாம் தெரிந்துதான் உங்கள் போர்மேன் வரச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், உனக்குச் சங்கடமாக இருக்குமாம். நான் வாக்கு மீறிச் சொல்கிறேன். அவளைப் பார்த்ததும் எழுந்து நிற்காதே, வரிசையிலிருந்து முன்னால் கூப்பிடாதே, அது அவளுக்குப் பிடிக்காது. அவள் முறை வந்ததும் மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே பேரைக் கேள். சொல்வாள். மைப்பெட்டியை மட்டும் எடுத்து நீட்டிவிடாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இங்கே வருவது உன் அம்மாவோடு ஊர்க்கதை பேச என்றுதானே நினைத்தாய்? ஆறு மாதமாக நீ தட்டச்சு வகுப்புக்குப் போன பிறகு உன் பழைய சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பழகினாள். பேனாவைக் கொடு. ஏழு எழுத்து. 'ட்'டுக்கு அப்புறம் கொஞ்சம் திணறுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும். அவள் எழுதி முடிக்கும் வரை பொறுத்திரு.

அம்மா